பெட்டியை இறக்குவதற்கு முன்: பழைய ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ஜீப் ஒன்றை வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கேரளத்து இடுக்கி மலையில், பூப்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துச் சரிவில் லோ கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். என்ஜின் இழுத்துப் பிடித்திருந்த வண்டி, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் கயிறு அறுந்த மாதிரி ஓட ஆரம்பித்தது. லோ நழுவிவிட்டது. பிரேக் கேட்டதால் நானும் பின்னால் இருந்த உர மூட்டைகளும் தப்பித்தோம்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸை இறக்க வேண்டும், கியர் செட்டே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். கியர்பாக்ஸின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது; இனி 'பெட்டி' என்றால் அதுதான். சொன்ன தொகை என் ஒரு மாத ஓட்டத்தை விழுங்கிவிடும். மனசு கேட்காமல் போடிமெட்டு இறங்கி, போடியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. கதவோரம் நின்று லிவரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

"தம்பி, இந்த மேட்டு எப்பப் போட்டது?"

"போன வாரம்ண்ணே."

தடிமனான புது ரப்பர் மேட். லோ விழும் பக்கத்தில் லிவர் கடைசி வரை போகாமல் அந்த ரப்பரில் முட்டி நின்றது. உள்ளே பல் பாதிதான் கடித்திருந்தது. சரிவில் சுமை மாறியதும் நழுவிவிட்டது. கத்தியால் ரப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார். டீக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

எல்லாக் கோளாறும் இப்படி மேட்டோடு முடியாது. ஆனால் "ட்ரான்ஸ்ஃபர் போச்சு" என்று சொல்லப்படும் வண்டிகளில் நிறையவற்றுக்குக் குறை பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பாருங்கள். கீழே சொல்வதும் அதே வரிசைதான்.

உங்கள் பெட்டி எந்த ரகம்?

மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. அந்த வம்சத்துப் பழைய வண்டிகளில் பெட்டி கியர்பாக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே சங்கிலி கிடையாது, முழுக்கப் பல்சக்கரம். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தி நடுக்கியரில் ஏறி, அங்கிருந்து வெளிஷாஃப்டுக்கு இறங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் பிரிகிறது. ஒரு லிவர் முன் அச்சைச் சேர்க்கும், விலக்கும். இன்னொன்று ஹை, நியூட்ரல், லோ. லோ போட்டால் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். சும்மா டூ வீலில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்க, தார் ரோட்டில் போனாலும் சக்தி அந்த நடுக்கியர் வழியாகத்தான் போகிறது. அதனால் இந்த ரகப் பெட்டி எப்போதும் கொஞ்சம் பாடும். புதிதாகக் கார் ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு அது கோளாறாகக் கேட்கும். நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால்தான் கவலை. ஆகவே வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே அதன் வழக்கமான சத்தத்தைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் வந்த பல ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளில் முன் அச்சுக்குச் சங்கிலி வழியாகச் சக்தி போகும். சங்கிலி தளர்ந்திருந்தால் ஃபோர் வீலில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கடகடவென்று பெட்டிச் சுவரில் அடிக்கும். டூ வீலுக்கு மாற்றினால் அடங்கிவிடும். அந்த ரகத்துக்கு இந்த ஒரு அடையாளம் போதும். மீதியெல்லாம் பல்சக்கரப் பெட்டியைப் பற்றியது.

கோளாறே இல்லாத இரண்டு 'கோளாறுகள்'

முதலாவது, லோ விழவில்லை என்பது. பழைய ஜீப்பில் இரண்டு லிவர் ராடுகளுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புக் குண்டு பூட்டாக நிற்கிறது. முன் அச்சு சேராமல் லோ விழாது. லோவின் முழு இழுவையும் பின் அச்சு ஒன்றின் மேலேயே விழக் கூடாது என்பதற்காக வைத்தது அது. எனவே வண்டியை நிறுத்தி, முதலில் முன் அச்சு லிவர், பிறகு லோ. சிலர் அந்தக் குண்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஃபோர் வீல் கழலவில்லை, திருப்பத்தில் வண்டி இறுக்கிக்கொண்டு நிற்கிறது என்பது. ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் லேசாக வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது, முறுக்கு உள்ளே ஏறிக்கொண்டே போகும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே தோட்டத்தில் போட்ட ஃபோர் வீலைக் கழற்ற மறந்து அந்த வளைவுகளில் இறங்கினால், பாதி வழியிலேயே லிவர் கல்லாகிவிடும். சுத்தியலைத் தேட வேண்டாம். நேராக நாலைந்து மீட்டர் பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழும், லிவர் தானாக வரும்.

நேர்ப் பாதையிலும் இறுக்கினால் டயரைப் பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் ரீட்ரேடு என்று போட்டிருப்பார்கள். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, தரையில் அளவெடுங்கள். முன்னால் 220 செ.மீ., பின்னால் 218 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கிலோமீட்டரில் பின் சக்கரம் நாலு சுற்று அதிகம் சுற்ற வேண்டும். அந்த நாலு சுற்றும் பெட்டிக்குள்ளேதான் முட்டி நிற்கும்.

படுக்கும் முன்

சமதரையில் நிறுத்துங்கள். நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். கருங்கல் உருளும், மரக்கட்டையே நல்லது. பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. பெட்டியின் பின்வாயில், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் நீண்ட தண்டு) பூட்டும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதேபோல் பெட்டி நியூட்ரலில் இருந்தால், கியர்பாக்ஸில் எந்தக் கியரைப் போட்டு வைத்தாலும் வண்டி உருளும். இந்த மலையில் இதைத் தெரியாமல் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

முதல் வேலை: ஆயில்

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், ஆயில் சூடாகிக் கலங்கியிருக்கும். முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வடிக்கும் பிளக்கை அப்புறம். மேல் பிளக் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தால், வடித்த பிறகு எப்படி ஊற்றுவீர்கள்? நான் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு அரை நாள் தொலைத்தேன்.

துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சுண்டு விரலை உள்ளே விட்டு வளைத்தால் நுனி நனைய வேண்டும். நனையவில்லையென்றால் உடனே ஊற்றி மூடிவிடாதீர்கள். கியர்பாக்ஸின் அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆயிலைத் தடுக்கும் ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் ஒன்றில் குறையும், மற்றொன்றில் விளிம்பு தாண்டி நிற்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுக்குகூடத் தெரியாது.

வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் வெள்ளிச் சாந்து மாதிரி மினுங்குவது வயசான பெட்டியில் சகஜம். நகத்தில் கீறுகிற அளவு துணுக்கு வந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது, அதற்குமேல் ஓட்ட வேண்டாம். பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஜூனில் மழை இறங்கிவிட்டால் இங்கே ஓடை தாண்டாத நாளே இல்லை. சூடான பெட்டி தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், சீல் இடுக்கு வழியே தண்ணீரை உறிஞ்சும். காற்றுப் போக்குத் துளை சேற்றில் அடைத்திருந்தால் இன்னும் மோசம். ஒழுக்கு என்று சீலை மாற்றுகிறவர்கள் அந்தத் துளையைக் குத்திவிட மறக்கிறார்கள். சூட்டில் காற்று வெளியேற வழியில்லாமல் புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும்.

ஆயில் என்ன ரகம்? ஜிஎல்-4 தரத்தில் 90 நம்பர் கியர் ஆயில்தான் இந்தப் பழைய பெட்டிகளுக்குப் பழக்கம். உங்கள் வண்டிப் புத்தகம் வேறு சொன்னால் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள்.

ஒழுக்கு பற்றி இன்னொன்று. "ஹேண்ட்பிரேக் பிடிக்கலை" என்று வரும் ஜீப்பில் முதலில் பெட்டியின் பின்வாய் சீலைத்தான் சந்தேகப்பட வேண்டும். அங்கிருந்து கசியும் ஆயில் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிடும். லைனிங் மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் பழைய கதை. சீல் வாங்கக் கட்டப்பனைக்கோ அடிமாலிக்கோ போய் "சேட்டா, ட்ரான்ஸ்ஃபர் சீல்" என்று கேட்டால், எது என்று திரும்பக் கேட்பார். முன்வாய், பின்வாய், நடு என்று தனித்தனி. பழைய சீலின் முகத்தில் எண் இருக்கும். அதையே கையில் கொண்டுபோங்கள்.

இரண்டாவது: லிவர், மேட், மவுண்டு

மேட் கதையைச் சொல்லிவிட்டேன். அதன் அண்ணன் ரப்பர் மவுண்டு. கியர்பாக்ஸையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால், சுமை ஏறும்போது முழுத் தொகுதியும் முறுக்கிக்கொண்டு எழும்பும். லிவர் தரைத் தகட்டின் விளிம்பில் இடிக்கும், கியர் வெளியே தள்ளப்படும். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டும் சீட்டில், கால் பிரேக்கை அழுத்தியபடி, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கட்டும், பிறகு ரிவர்ஸில். மற்றவர் பக்கவாட்டில் நின்று லிவர் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் அடியிலும் யாரும் இருக்கக் கூடாது.

மூன்றாவது: ஷாஃப்ட்

என்ஜின் நிறுத்தி, கட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு அடியில் படுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகுங்கள். கொஞ்சம் சுற்று ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அது பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி. இப்போது ஷாஃப்டை மேலும் கீழும் தூக்குங்கள். பெட்டியின் வாயில் ஷாஃப்டைப் பூட்டியிருக்கும் கவையான யோக்கே மேலும் கீழும் ஆடினால் உள் பேரிங் தேய்ந்திருக்கிறது. யோக் அசையாமல் நின்று, அதில் மாட்டியிருக்கும் சிலுவை வடிவ கிராஸ் ஜாயிண்ட் மட்டும் ஆடினால் பெட்டி நல்ல பெட்டி, ஜாயிண்டை மாற்றுங்கள்.

கிராஸின் மூடிகளைச் சுற்றி செம்பழுப்புப் பொடி இருந்தால் கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம். ஆனால் தோட்டத்துச் செம்மண் புழுதியும் அதே நிறம். துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். புழுதி வண்டி முழுக்க இருக்கும். துருப்பொடி மூடியின் விளிம்பில் மட்டும் வளையமாகத் திரும்ப வரும்.

கிளட்ச் விட்டதும் ஒரே ஒரு 'டங்' கேட்டால் பெரும்பாலும் ஜாயிண்ட். ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்து துள்ளினால் பெட்டியின் பின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஜீப்பில் மீட்டர் கேபிள் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த நகர்வை ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

நான்காவது: ஒற்றைச் சக்கரச் சோதனை

ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால், குறை பெட்டியிலா, சக்கர நடுவில் இருக்கும் ஹப்பிலா, அச்சின் நடுவில் இருக்கும் முன் ஹவுசிங்கிலா? இதற்கு ஒரு ஜாக்கி போதும். மீதி மூன்று சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். ஹப் லாக் (சக்கரத்தை அச்சோடு சேர்க்கும் பூட்டு) இருந்தால் பூட்டுங்கள். ஃபோர் வீல் லிவரைப் போடுங்கள், பெட்டி ஹையில் இருக்கட்டும், என்ஜின் வேண்டாம். இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

லேசாக ஆடி நின்றுவிட்டால் எல்லாம் சேர்ந்திருக்கிறது. சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டும் கூடவே சுற்றுகிறது என்றால் பெட்டிக்குள் முன் அச்சு சேரவில்லை. லிவர் இணைப்பு, கியரைத் தள்ளும் ஃபோர்க், அது தள்ளும் சறுக்குக் கியர் என்று அந்த வரிசையில் தேட வேண்டும். சக்கரம் சுற்றுகிறது, ஷாஃப்ட் அசையாமல் நிற்கிறது என்றால் பெட்டிக்குச் சம்பந்தமே இல்லை. ஹப், அச்சு, ஹவுசிங், இந்த மூன்றில் ஒன்று. இறக்கிவிட்டு அடுத்த பக்கச் சக்கரத்திலும் செய்து பாருங்கள்.

ஐந்தாவது: சத்தத்தைப் பிரிப்பது

இது காதுக்கு வேலை, அவசரப்படக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கியர்பாக்ஸை நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்கள். ஊளை அப்படியே தொடர்ந்தால் என்ஜினும் கிளட்சும் குற்றவாளி இல்லை. குறை பெரும்பாலும் பெட்டியிலிருந்து சக்கரம் வரைக்குள் எங்கோ இருக்கிறது. தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கியதும் ஊளை நின்றுவிட்டால் அது டயர்.

அடுத்தது நின்ற இடத்தில். பெட்டியை நியூட்ரலில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, கியர்பாக்ஸில் இரண்டாவது, மூன்றாவது போட்டுக் கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, ஆனால் பெட்டிக்குள் மேல் கியரும் நடுக்கியரும் சுற்றும். கரகரப்பு இப்போதே கேட்டால் நடுக்கியரின் ஊசி பேரிங்கும் அதன் ஷாஃப்டும்தான் என் முதல் சந்தேகம். இங்கே அமைதி, ஓட்டும்போது மட்டும் சத்தம் என்றால் வெளிஷாஃப்ட் பேரிங், இல்லாவிட்டால் பெட்டிக்கு வெளியே. இரண்டு இடத்திலும் அமைதி, லோவில் மட்டும் கரகரப்பு என்றால் லோ பல். இந்தச் சோதனையின்போதும் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம், லிவர் தவறி விழுந்தால் வண்டி பாயும்.

நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் புறங்கையைப் பெட்டியின் ஒவ்வொரு பேரிங் வாயிலும் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு வாய் மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அங்கேதான் தேட வேண்டும். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும், என் முழங்கையில் தழும்பு இருக்கிறது.

லோ நழுவினால்

மேட், மவுண்டு, லிவர் இணைப்பு மூன்றும் சரியாக இருந்தும் லோ நழுவுகிறது என்றால், அதை மற்ற எதையும்விட முதலில் கவனியுங்கள். கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவதும் இறங்குவதும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். அந்த மாதிரிப் பாறைப் பாதையில் இறங்கும்போது வண்டியைப் பிடித்திருப்பது பாதி என்ஜின்தான். லோ போனால் பிரேக் மட்டும், அதுவும் நனைந்த பிரேக்.

ஒரு மென்மையான இறக்கத்தில், லோவில், லிவர் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கால் எடுக்கும்போது மட்டும் லிவர் நடுங்கி நகர்கிறதா, மிதிக்கும்போது மட்டுமா, இரண்டிலுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்லின் அந்தப் பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கலாம். இரண்டிலும் என்றால் ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அவை பெட்டியின் முகத்தில் ஒரு பிளக்குக்குப் பின்னால் இருக்கின்றன, பெரும்பாலும் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். விலையும் அற்பம். அதைச் செய்து பார்க்காமல் பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள். லிவரில் ரப்பர் டியூபைக் கட்டி இழுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் ஏற்றும் வண்டியில் அதைச் செய்வது அயோக்கியத்தனம்.

உள்ளேதான் குறை என்று ஆகிவிட்டால்

அப்போதும் உடனே இறக்க வேண்டியதில்லை. பழைய ஜீப் பெட்டிக்கு அடிமூடி ஒன்று உண்டு. ஆயிலை வடித்து அந்தத் தகட்டைக் கழற்றினாலே நடுக்கியரின் பல் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். ஷாஃப்டைச் சுற்றிவிட்டு ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள்: மூலை உடைந்திருக்கிறதா, முகத்தில் குழி விழுந்திருக்கிறதா? நடுக்கியரைக் கையால் ஆட்டினால் கொட கொடவென்று இருந்தால் ஷாஃப்டும் ஊசி பேரிங்கும் தேய்ந்தவை. பின்பக்க மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் நட்டு தெரியும். அது தளர்ந்திருந்தால்கூட உள்ளே கியர் நகர்ந்து சத்தம் போடும். இரண்டு மூடிக்கும் புதுப் பேக்கிங் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பட்டறைக்குப் போகும்போது "ட்ரான்ஸ்ஃபர்ல சத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த லிவர் எந்த இடத்தில் இருக்கும்போது, எந்த வேகத்தில், மிதிக்கும்போதா விடும்போதா, ஆயில் எந்த நிறம், ஒற்றைச் சக்கரச் சோதனையில் என்ன ஆனது என்று ஒரு சிட்டையில் எழுதிக் கொடுங்கள். பெட்டி திறக்கும்போது பக்கத்தில் இருங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி படுத்து, பிளக்கைக் கழற்றி, சுண்டு விரலை விட்டு ஆயில் அளவைப் பாருங்கள். யோக் நட்டையும் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிட்டு எழுந்திருங்கள்.